டிரெய்லரும் தானாக நிற்க வேண்டும்: கடலூர்ப் பக்கத்து ஏர் பிரேக் பட்டறை ஒன்றின் வேலை குறித்து

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில், நெல்லிக்குப்பத்துக்குச் சற்று முன்பாக, டிராக்டர் டிரெய்லர்களுக்கு ஏர் பிரேக் பொருத்தித் தரும் பட்டறை ஒன்று இருக்கிறது. எங்கள் நான்கு சக்கர டிப்பர் டிரெய்லருக்கு முழு பிரேக் அமைப்பையும் அங்கேதான் பொருத்தினோம். அதன் பிறகு கரும்பு வெட்டுக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டதால், வேலை எப்படி நின்றிருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். தம் பெயரும் கடையின் பெயரும் இணையத்தில் வர வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்தச் சாலையில் டிராக்டர் ஓட்டும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை உறுதியானது, சோதனை நேர்மையானது, சொன்ன நாளில் வண்டியைத் தராததும் கணக்குச் சீட்டு எழுதும் முறையும் திருத்திக்கொள்ள வேண்டியவை. பாரம் ஏற்றும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கே போகலாம் என்பதே என் கருத்து.

நம் மாவட்டத்தில் டிரெய்லரின் வேலை சிறியதல்ல. நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவு பகலாக அந்தச் சாலையில் வரிசை கட்டுகின்றன. மற்ற மாதங்களில் செங்கல், செம்மண், முந்திரி விறகு, வாழைத்தார், பலா என்று ஏதாவது ஒரு பாரம் இருந்துகொண்டே இருக்கும். இவற்றில் பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக் என்று ஒன்று கிடையாது. இருப்பவற்றிலும் நிறுத்தி வைக்கும்போது இழுத்துவிடும் கைப்பிடி ஒன்று துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். டிராக்டரில் நல்ல பிரேக் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களே அதிகம். போதாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றின் எடை சுமார் 2 டன். அது இழுக்கும் டிரெய்லரின் சொந்த எடையையும் அதில் ஏற்றிய பாரத்தையும் சேர்த்தால் 6 அல்லது 7 டன் வரும். அதாவது, தன் எடையைப் போல மூன்று மடங்கு எடையை நிறுத்தும் பொறுப்பு டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டின்மேல் மட்டும் விழுகிறது, ஏனென்றால் பெரும்பாலான டிராக்டர்களில் முன்சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டராகக் கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காக அல்ல, இரண்டேகால் மடங்காகக் கூடுகிறது. இறக்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம். நூறடிக்கு ஐந்தடி இறங்கும் சரிவில் 7 டன் டிரெய்லர், சுமார் 350 கிலோ எடைக்கு ஈடான விசையோடு டிராக்டரைப் பின்னாலிருந்து இடைவிடாமல் தள்ளிக்கொண்டே வரும். கேப்பர் மலையிலிருந்து கடலூர்ப் பக்கம் பாரத்தோடு இறங்கியவர்களுக்கு அந்தத் தள்ளல் எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் டிராக்டர் மெதுவாகிறது, டிரெய்லர் மெதுவாவதில்லை. சாலை ஈரமாக இருந்தாலோ வண்டி சற்றே வளைவில் இருந்தாலோ, டிராக்டரின் பின்பக்கத்தை டிரெய்லர் ஒரு பக்கமாகத் தள்ளி, இரண்டும் இணைப்பில் மடங்கிவிடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குமேல் பயனில்லை.

பட்டறையின் மேஸ்திரி வயதானவர்; லாரிகளில் பிரேக் வேலை பார்த்துப் பழகியவர். நாங்கள் போன அன்று அவர் முதலில் டிரெய்லரைப் பார்க்கவில்லை. என்ன ஏற்றுகிறீர்கள், எந்தச் சாலையில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். எங்களுக்கு அப்போது மனதில் இருந்தது செலவு குறைந்த தள்ளு பிரேக். டிரெய்லரின் இழுவைக் கம்பி முன்னோக்கி நகரும்போது ஒரு நெம்புகோலை அழுத்தி, அதன்மூலம் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் ஏற்பாடு அது. எங்கள் எடைக்கு அதைப் பொருத்தித் தர மாட்டேன் என்று அவர் நேராகவே மறுத்துவிட்டார். “டிரெய்லர் டிராக்டரத் தள்ளுனாத்தான் அந்த பிரேக்கே பிடிக்கும் தம்பி. தள்ளவே கூடாதுன்னுதான நீங்க எங்கிட்ட வந்திருக்கீங்க?” என்றார். பின்னோக்கி எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் தனியாக ஒரு பூட்டு வைக்க வேண்டும். அந்தப் பூட்டை எடுக்க மறந்து சாலைக்கு வந்தால் பிரேக்கே இல்லாத வண்டியாகிவிடும். சின்ன டிரெய்லருக்கும் சம தரைக்கும் அது பயன்படலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ஆயில் பிரேக். ஒரே குழாயில் வரும் ஆயில் அழுத்தத்தால் பிடிக்கும் எளிய அமைப்பில், ஓடும்போது அந்தக் குழாய் அறுந்தால் டிரெய்லருக்கு பிரேக் இல்லாமல் போய்விடும். ஏர் பிரேக்கில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் எப்போதும் காற்றழுத்தம் இருக்கும். டிரெய்லரில் உள்ள டேங்கை நிரப்புவது அதுதான். மற்றொன்றில் ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மட்டும் காற்று வரும். எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்ற செய்தியை அது கொண்டுபோகிறது. முதல் குழாய் அறுந்தாலோ, கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்து போனாலோ, அழுத்தம் இறங்கிய அந்தக் கணத்திலேயே டிரெய்லரின் வால்வு தன் டேங்கில் உள்ள காற்றைத் திறந்துவிட்டு எல்லாச் சக்கரங்களையும் பிடித்துவிடும். பழுது ஏற்பட்டால் ஓடாமல் நிற்கும்படி அமைந்திருப்பதுதான் இதன் சிறப்பு. நான் கூடுதல் செலவுக்குச் சம்மதித்ததும் இந்த ஒரு காரணத்துக்காகவே.

எங்கள் பழைய அச்சுகளில் பிரேக் டிரம், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பிரேக் உருளை, இல்லை. எனவே டிரம்மோடு கூடிய அச்சுகளாக இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. பின் அச்சுக்கு மட்டும் பிரேக் வைத்தால் பணம் மிச்சமாகுமே என்று வேறொரு வெல்டிங் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அதை இவரிடம் கேட்டபோது, இரண்டு அச்சும் பாரத்தைச் சுமக்கையில் ஒன்று மட்டும் பிடித்தால் அந்த அச்சின் டயர்கள் சாலையில் தேய்ந்து இழுபடும், மற்ற அச்சு சும்மா உருண்டுகொண்டிருக்கும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். டிராக்டரில் எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் ஓடும் கம்ப்ரெசர், காற்று டேங்க், ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் அழுத்தமானி, அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் பஸ்ஸர் ஆகியவற்றைப் பொருத்தினார்கள். டிராக்டரின் பிரேக் மிதியோடு இணைத்த வால்வை அவர் சரிசெய்த விதம்தான் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. டிராக்டரின் பிரேக் பிடிப்பதற்கு மிகச் சற்று முன்பாக டிரெய்லரின் பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி அமைந்தால் நிற்கும்வரை டிரெய்லர் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வரும், இணைப்பு நேராகவே இருக்கும். நேரம் மாறிவிட்டால் பிரேக் இருந்தும் தள்ளல் இருக்கும். வால்வைத் திருகுவதும் ஓட்டிப் பார்ப்பதுமாக அந்த ஒரு வேலைக்கே பிற்பகல் முழுவதும் போயிற்று, அவர் சலித்துக்கொள்ளவில்லை.

அச்சுக்கு அடியில் நடந்த வேலையையும் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். காற்று தள்ளும் பிரேக் சேம்பரின் தண்டில், பிரேக் விட்டிருக்கும் நிலையில், சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். உதவிக்கு நின்ற பட்டறைப் பையனை மிதியை அழுத்தச் சொல்லி, அந்தக் கோடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தார். நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு வரும்வரை அந்தத் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கால் திருகு, அரைத் திருகு என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதே காரணம். பிறகு ஒவ்வொரு காற்று இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, ஒரு குமிழி எழுந்த இணைப்பைக் கழற்றி மறுபடியும் முறுக்கினார். குழாய்த் தலைகளுக்கு ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளுமாக வண்ணம் அடித்துக் கொடுத்தார். இருட்டில் யார் மாட்டினாலும் மாற்றி மாட்டிவிடக் கூடாதே என்ற முன்யோசனை அது.

சோதனை முறைக்காகவே இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பேன். வெற்று டிரெய்லரை வாசலில் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு “எல்லாம் சரி” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வரச் சொன்னார். நாங்கள் செம்மண் ஏற்றிக்கொண்டு போனோம். முதலில் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் வால்வால் பிடித்துவைத்து, டிராக்டரை முதல் கியரில் மெதுவாக முன்னே எடுக்கச் சொன்னார்; டிராக்டர் திணறி நின்றது, டிரெய்லர் அசையவில்லை. அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர்ச் சாலையில் கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் மிதியை அழுத்தச் சொல்லி, வண்டி நின்ற இடத்தைக் குறித்தார். டிரெய்லர் குழாயை மூடிவிட்டு டிராக்டர் பிரேக்கால் மட்டும் நிறுத்திய தூரத்தையும் அதே சாலையில் குறித்திருந்தார். டிராக்டர் பிரேக்கால் மட்டும் நின்ற குறி, டிரெய்லர் பிரேக்கும் சேர்ந்து நின்ற குறியைப் போல ஏறத்தாழ இருமடங்குத் தொலைவில் இருந்தது. கடைசியாக, ஓடிவந்த சூட்டோடு நான்கு டிரம்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அது விடாமல் உரசுகிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை என்று பொருள். எங்கள் டிரெய்லரில் இடப்பக்க முன்டிரம் சூடு கூடுதலாக இருந்ததால் அன்று வண்டியை விட மறுத்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைக் கழற்றி மறுபடியும் பொருத்தினார். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் அது எங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும், அந்த மறுப்புக்காக இன்று அவரை மதிக்கிறேன்.

பாரம் இல்லாமல் திரும்பும்போது இந்த அமைப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 7 டன்னுக்குத் தேவையான பிடி, வெற்று டிரெய்லருக்கு மிகையானது. சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டு சறுக்கும், வால் ஒரு பக்கம் வீசும். இதற்காகப் பாரம், அரைப் பாரம், வெற்று என்று கையால் மாற்றிவைக்கும் வால்வு ஒன்றை டிரெய்லரின் பக்கவாட்டில் வைத்திருக்கிறார்கள். இறக்கியதும் அதை மாற்றுவது ஓட்டுநரின் பொறுப்பு. மறுபடி ஏற்றியதும் பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டால், இவ்வளவு செலவு செய்து வைத்த பிரேக் பாதிப் பலத்தோடு பாரத்தை எதிர்கொள்ளும். எங்கள் ஓட்டுநர் கொக்கியைப் பார்க்கும்போதே இந்தக் கைப்பிடியையும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்.

ஓட்டுநரை அழைத்துக்கொண்டு வராவிட்டால் வண்டியைத் தர மாட்டேன் என்று மேஸ்திரி சொன்னதும் இங்கே பதிவு செய்ய வேண்டியது. டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்க்கும் கொண்டி வயலில் திறந்திருக்கலாம். சாலைக்கு ஏறும் முன் அதைப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பின்சக்கரம் மட்டும் பிடித்து டிராக்டர் சுழன்றுவிடும் என்பதை அவர் ஓட்டுநரிடமே செய்துகாட்டச் சொன்னார். இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கை உரசவிட்டுக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிக் கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. கையால் இயக்கும் வால்வு இறக்கத்தில் வேகத்தைக் கட்டுவதற்கானது அல்ல என்பதையும் தனியாக எச்சரித்தார். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அதை எந்த பிரேக்காலும் ஈடுசெய்ய முடியாது என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

நிறுத்தி வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேங்கில் உள்ள காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். இரவு முழுவதும் காற்றை நம்பி டிரெய்லரைச் சரிவில் விட முடியாது. கைப்பிடி பிரேக்கைத் தனியாக வைத்துத் தந்ததோடு, இரண்டு முட்டுக்கட்டைகளையும் அவற்றை மாட்டிவைக்க ஒரு கூட்டையும் சட்டத்திலேயே பற்றவைத்துத் தந்தார்கள்.

இனிக் குறைகள். சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை; இரண்டு முறை தேதி தள்ளிப்போனது, தொலைபேசியில் அழைத்தால் வேலை நேரத்தில் யாரும் எடுப்பதில்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. லைனிங் (பிரேக் ஷூவின்மேல் உள்ள உராய்வுப் பட்டை), வால்வு போன்றவற்றுக்கு எவ்வளவு காலம் பொறுப்பேற்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும், தரவில்லை. முதலில் மாட்டிய காற்றுக் குழாய்கள் நீளம் போதாமல், டிராக்டரை முழுவதும் ஒடித்துத் திருப்பியபோது விறைத்துக்கொண்டு நின்றன. சுட்டிக்காட்டியதும் கட்டணமின்றி நீளமான குழாயாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதை முதல் நாளே அவர்கள் கவனித்திருக்க வேண்டும். மின்கம்பி வேலை இவர்களுக்குக் கைவந்த வேலை அல்ல. பின்விளக்கு இணைப்பை அரைகுறையாக விட்டிருந்தார்கள்; அதைக் கடலூரில் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் முடித்துக்கொண்டோம். கரும்பு ஏற்றினால் தோகை தொங்கிப் பின்விளக்கை மறைத்துவிடும் என்பதால், பாரத்துக்கு வெளியே தெரியும்படி பிரதிபலிப்புப் பட்டையையும் விளக்கையும் கீழே இறக்கி வைப்பது இன்றியமையாதது. இதில் அந்தப் பட்டறை அக்கறை காட்டவில்லை என்பது என் உண்மையான வருத்தம்.

ஆனால் கேட்காமலே செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டிரெய்லரின் இழுவைக் கண்ணி உட்பக்கம் தேய்ந்திருந்ததைப் பார்த்து, அதற்குள் மாட்டும் இணைப்புப் பின் (pin) ஆடும் இடைவெளியை விரலால் காட்டி, பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் அந்த இடைவெளியில் அடி விழுந்து கண்ணி விரிசல் விடும் என்று விளக்கி மாற்றிக் கொடுத்தார். கழன்று விழாதபடி குறுக்கே கிளிப் போடும் கொக்கிப் பின்னும், பின் உடைந்தாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலியும் அதோடு சேர்ந்தன. பாரத்தை அச்சுக்குப் பின்னால் குவித்து ஏற்றினால் இழுவைக் கம்பி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரத்திலிருந்து எடையைக் குறைத்துவிடும், அப்புறம் டிராக்டரின் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது என்று அவர் சொன்னதிலிருந்து, கரும்புக் கட்டுகளை முன்பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்கும்படி ஏற்றும் ஆட்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

பயன்பாட்டில் இதுவரை பெரிய பழுது எதுவும் வரவில்லை. காலையில் எஞ்சினைப் போட்டதும் அழுத்தமானி (சதுர சென்டிமீட்டருக்கு) 6 கிலோவைத் தொடும்வரை வண்டியை எடுப்பதில்லை. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. மாலையில் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறோம். கடலோர ஊரின் ஈரக்காற்றை அழுத்திச் சேமிப்பதால் அதில் தண்ணீர் சேர்வது இயல்பு. மழை மாதங்களில் திறந்ததும் துரு கலந்த பழுப்பு நீர் சீறிக்கொண்டு வருகிறது. அதை விட்டுவைத்தால் வால்வுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். உப்புக்காற்றில் இரும்புக் குழாய் அரிக்கும் என்பதால் சட்டத்தின் நெடுக நைலான் குழாயைப் போட்டிருந்தார்கள். அந்தத் தேர்வு சரியானது என்பது மழைக்குப் பிறகு தெரிந்தது. பிரேக் ஷூவை விரிக்கும் எஸ் கேம் தண்டின் புஷ்களுக்கு கிரீஸ் அடிக்கும் இடங்களுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டியிருப்பதால் எதுவும் விட்டுப்போவதில்லை. ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது; கூலி வாங்காமல் செய்து கொடுத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அரவைப் பருவம் தொடங்கிய பிறகு அங்கே இடம் கிடைக்காது; பாகூர்ப் பக்கத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும். மழை தொடங்கும் முன்பே முன்பணம் கொடுத்துத் தேதி வாங்கிவிடுங்கள், அந்தத் தேதிக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். டிரெய்லருக்கான பதிவுச் சான்றில் உள்ள எடை விவரத்தை அவர் கேட்பார், அதற்கு ஏற்பவே அச்சும் சேம்பரும் தேர்ந்தெடுப்பார். செலவு குறையட்டும் என்று பழைய லாரியிலிருந்து கழற்றிய வால்வு வேண்டும் என்று கேட்டால் போடவே மாட்டார், கேட்டுப் பயனில்லை. சோதனைக்குப் போகும் நாளில் உங்கள் வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொண்டு, அந்த வண்டியை நாளும் ஓட்டப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.